கூனி, ஊமை ராணி, தண்டியடிகள்: நம் பழைய கதைகளில் ஊனம் எதற்காக வருகிறது?

அரசலாறு (கும்பகோணம்)

பழைய கதைகளில் ஊனம் உள்ளவர்கள் எதற்காக வருகிறார்கள்? இதைப் பற்றி ஓர் இழை ஓட்டலாம். உலகம் முழுக்கச் சுற்ற வேண்டாம். காவிரிப் படுகைக்காரர்கள் எழுதியது, அல்லது படுகையில் நடப்பது, இவ்வளவு போதும். அதற்கே நாலு இழை வேண்டும்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அடிக்க வசதியாக இருக்கும். கதையில் கண் தெரியாத ஒருவரோ கூன் விழுந்த ஒருவரோ வந்துவிட்டால் அவர் முடிவு நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. அதிசயமாகக் குணமாகிவிடுவார். இல்லாவிட்டால் யாருக்காகவோ உயிரை விடுவார். இரண்டும் இல்லையென்றால் குடியைக் கெடுக்க வந்தவரே அவர்தான். வேலைக்குப் போய், கூலி போதவில்லை என்று சண்டை போட்டு, வயதாகிச் செத்துப்போகிற ஒரு ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

குணமாக்குவதற்கென்றே இங்கே ஓர் இடம் ஒதுக்கி வைத்திருந்தார்கள். சிலப்பதிகாரம் சொல்கிற புகாரின் ஐந்து மன்றங்களில் ஒன்று இலஞ்சி மன்றம். 'கூனும் குறளும் ஊமும் செவிடும் அழுகு மெய்யாளரும்' அந்தப் பொய்கையில் முழுகி எழுந்தால் குறையெல்லாம் நீங்கி, நல்ல நிறம் பெற்று, வலம் வந்து போய்விடுவார்களாம். ஊருக்குப் பெருமை சேர்க்க இத்தனை பேர் தேவைப்படுகிறார்கள். முழுகி எழுந்த ஒருவர்கூட அதற்கப்புறம் கதைக்குள் வருவதில்லை. மேல்நாட்டிலும் இதே கூத்துதான்: 'ஹைடி'யில் கிளாரா ஆல்ப்ஸ் மலைக்குப் போனதும் நடக்கிறாள் (1881), 'தி சீக்ரெட் கார்டன்' கதையில் கோலின் தோட்டத்துக்குள் போனதும் எழுந்து நிற்கிறான் (1911). நம் ஆள் குளத்தில் இறங்கினான், அவர்கள் ஆள் மலை ஏறினான்.

ஒரு வேண்டுகோள். எந்தச் சொல்லைப் பயன்படுத்தலாம், எதைக் கூடாது என்ற சண்டையை இங்கே இழுக்க வேண்டாம். நூலில் உள்ளபடி கூனி, ஊமை என்றே எழுதுவோம். யாரையும் புண்படுத்த அல்ல என்பது எல்லோருக்கும் தெரியும்.

தேரழுந்தூரான்

'குடியைக் கெடுக்க வந்தவர்' என்று போகிற போக்கில் எங்கள் ஊர்க்காரரை இடித்துவிட்டுப் போகிறீர்கள். சும்மா இருக்க முடியாது.

கம்பர் மந்தரையைக் கொண்டுவருகிற இடம் கடுமையானதுதான், ஒப்புக்கொள்கிறேன். 'இன்னல்செய் இராவணன் இழைத்த தீமைபோல், துன்னருங் கொடுமனக் கூனி தோன்றினாள்.' கொடுமனம், கூன், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். ஆனால் அடுத்தே என்ன சொல்கிறார்? 'பண்டை நாள் இராகவன் பாணி வில் உமிழ் உண்டை உண்டதனைத் தன் உள்ளத்து உள்ளுவாள்.' சின்ன வயதில் இராமன் உண்டை வில்லை வைத்துக்கொண்டு அவள் கூன் முதுகில் மண்ணுருண்டை அடித்து விளையாடியிருக்கிறான். அது அவள் மனத்தை விட்டுப் போகவில்லை. வால்மீகி இப்படி ஒரு காரணம் கொடுப்பதில்லை. கூன் இருப்பதால் கெட்டவள் என்று கம்பர் எழுதவில்லை, கூனைக் கேலி செய்ததால் பகை கொண்டவள் என்று எழுதியிருக்கிறார். ஓர் அரண்மனையையே கவிழ்க்கும் அளவுக்கு அந்த அவமானத்துக்கு எடை கொடுத்தவர் அவர்.

பாமணி (மன்னார்குடி)

ஐயா, காரணம் இருந்தாலும் வில்லி வில்லிதானே? சினிமாவில் வில்லனுக்கு ஒரு பிளாஷ்பேக் வைக்கிற மாதிரி.

தெற்குவாசல் (ஸ்ரீரங்கம்)

தேரழுந்தூர் சாருக்கு ஒரு சேதி. உண்டை வில் சமாசாரம் கம்பருக்கு முன்னாலேயே ஆழ்வார்களிடம் இருக்கிறது. 'கூனே சிதைய உண்டைவில் நிறத்தில் தெறித்தாய்' என்று நம்மாழ்வார் பாடுகிறார். திருமழிசையாழ்வார் திருச்சந்த விருத்தத்தில் எங்கள் ஊரைப் பாடும்போதே அதை வைக்கிறார்:

'கொண்டை கொண்ட கோதைமீது தேனுலாவு கூனி கூன்
உண்டை கொண்டு அரங்க ஓட்டி உள்மகிழ்ந்த நாதன் ஊர்
நண்டை உண்டு நாரை பேர வாளை பாய நீலமே
அண்டை கொண்டு கெண்டை மேயும் அந்தண் நீர் அரங்கமே'

எங்கள் வீட்டில் பெரியவர்கள் தினமும் சேவிப்பார்கள், எனக்கும் மனப்பாடம். நண்டைத் தின்றுவிட்டு நாரை நகர்கிறது, வாளை துள்ளுகிறது, நீலப்பூ ஓரமாகக் கெண்டை மேய்கிறது. காவிரியை இவ்வளவு அழகாக யார் சொல்லியிருக்கிறார்கள்? ஆனால் அந்த அழகுக்கு ஏறுகிற படியில் ஒரு கிழவியின் முதுகு இருக்கிறது. 'உள்மகிழ்ந்த' என்ற இடம் வரும்போது எனக்குக் கொஞ்சம் தொண்டை அடைக்கும். அது குழந்தை விளையாட்டு, தெய்வ லீலை என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. சொல்லட்டும். அடிபட்டவளுக்கு எப்படி இருந்தது என்று அந்தப் பாசுரத்துக்குக் கவலை இல்லை, கம்பருக்கு இருக்கிறது. அந்த அளவில் தேரழுந்தூர் சார் கட்சி நான்.

தேரழுந்தூரான்

நன்றி அம்மா. என் வாதத்துக்கு வேண்டிய முக்கியமான பாட்டை இன்னும் எடுக்கவில்லை. கிட்கிந்தா காண்டம், அரசியற் படலம். சுக்கிரீவனுக்கு முடி சூட்டியாயிற்று, எப்படி ஆள வேண்டும் என்று இராமன் புத்தி சொல்கிறான்:

'சிறியர் என்று இகழ்ந்து நோவு செய்வன செய்யல், மற்று இந்
நெறி இகழ்ந்து யான் ஓர் தீமை இழைத்தலால்...'

எளியவர்தானே என்று யாரையும் நோகடிக்காதே. அந்த நெறியை மறந்து நான் ஒரு தீமை செய்தேன், அதனால் அந்தக் கூனியின் கையால் துயரக் கடலில் விழுந்தேன் என்கிறான். காப்பியத் தலைவன், கடவுளின் அவதாரம், வாயைத் திறந்து 'நான் செய்தது தீமை' என்கிறான். தசரதன் வரத்தைச் சொல்லவில்லை, கைகேயியைச் சொல்லவில்லை, விதியைச் சொல்லவில்லை. தன் மண்ணுருண்டையைச் சொல்கிறான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் இதை எழுதியவரை நீங்கள் ஒரு பட்டியலில் போட்டு மூடிவிடக் கூடாது.

அரசலாறு

அருமையான பாட்டு. ஆனாலும் விடமாட்டேன்.

அதைச் சொல்வது யாரிடம்? சுக்கிரீவனிடம். கூனியிடம் அல்ல. ஓர் அரசன் இன்னோர் அரசனுக்குச் சொல்கிற நிர்வாகப் பாடம் அது: சின்னவர்களை மிதித்தால் உனக்கு ஆபத்து. 'அவளுக்கு வலித்திருக்கும்' என்ற சொல் அதில் இல்லை, 'நான் கடலில் விழுந்தேன்' என்பதுதான் இருக்கிறது. மந்தரை கைகேயியின் தாதி, அரண்மனையின் உள் விவகாரம் எல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தவள், பேச்சில் கைகேயியையே கரைக்கிற சாமர்த்தியக்காரி. அவ்வளவு திறமையும் கூன் என்ற ஒன்றுக்குள் அடங்கிப்போகிறது.

இதைவிடச் சிலப்பதிகாரக் கூனி மேல் என்று எனக்கு ஒரு எண்ணம். மாதவி அரங்கேறிய பிறகு, ஆயிரத்தெட்டுக் கழஞ்சு பொன் விலையுள்ள மாலையைக் கையில் கொடுத்து நகரத்து இளைஞர்கள் நடமாடும் தெருவில் நிறுத்தி வைப்பது ஒரு கூனியைத்தான். கோவலன் மாலையை வாங்கிக்கொண்டு அவளோடுதான் மாதவி வீட்டுக்குப் போகிறான். அத்தனை பொன் மதிப்புள்ள சரக்கை நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள், அவள் வேலையை முடித்துவிட்டுப் போகிறாள். குணமும் ஆகவில்லை, சாகவும் இல்லை, கெடுக்கவும் இல்லை. பெயர்தான் இல்லை.

பாமணி

அவள் கொண்டுவந்து விட்டதில்தானே கண்ணகி குடியே போனது? அவளும் உங்கள் மூன்றாவது பட்டியல்தான் அண்ணே.

அரசலாறு

தம்பி, கோவலன் போனதற்குக் கோவலன்தான் பொறுப்பு.

கமலாலயம் (திருவாரூர்)

கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. அரசுப் பள்ளியில் தமிழ் ஆசிரியை. இந்த இழையைத் திரைவாசிப்பான் படித்துக் காட்டக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அதனால் எழுத்துப்பிழை அதிகம் உள்ள பதிவுகள் எனக்கு விநோதமாகக் கேட்கின்றன, கொஞ்சம் பார்த்து எழுதுங்கள்.

நீங்கள் எல்லோரும் முடிவைப் பற்றியே பேசுகிறீர்கள். குணமானாரா, செத்தாரா, கெடுத்தாரா என்று. நான் வேறு ஒன்றைப் பார்ப்பேன். அந்த ஆள் ஒரு காரியத்தை எப்படிச் செய்கிறார் என்று எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறதா?

எங்கள் ஊர் தண்டியடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியபுராணம். பார்வையில்லாதவர். திருக்கோயிலுக்கு மேற்கே இருக்கிற குளம் தூர்ந்து சுருங்கிப் போயிருக்கிறது. அதைத் தோண்டி அகலமாக்க வேண்டும் என்று இறங்குகிறார். எப்படித் தோண்டுகிறார் என்று சேக்கிழார் சொல்லியிருக்கிறார். குளத்துக்குள் ஒரு தறி (நட்ட கம்பு), கரையில் ஒரு தறி, இரண்டுக்கும் நடுவே ஒரு கயிறு. மண்ணை வெட்டிக் கூடையில் எடுத்துக்கொண்டு கயிற்றைத் தடவிக்கொண்டே கரைக்கு வருவார், கொட்டுவார், அதே கயிற்றைப் பிடித்துக்கொண்டு திரும்புவார்.

இது கற்பனையில் உட்கார்ந்து எழுதக்கூடியதா? பார்வையில்லாத ஒருவர் ஒரு திறந்தவெளியில் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்வர வேண்டுமானால் இப்படித்தான் செய்வார். புதுப் பள்ளிக்கு மாற்றலாகிப் போனால் நானும் முதலில் சுவரைத் தேடுவேன், கைப்பிடிக் கம்பியைத் தேடுவேன். சேக்கிழார் யாரையோ பார்த்திருக்கிறார், அல்லது யாரிடமோ கேட்டிருக்கிறார். அருள் இருந்தது, அதனால் தோண்டினார் என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. கயிறு கட்டினார்.

அங்கே இருந்த சமணர்கள் மண் வெட்டினால் சிற்றுயிர்கள் சாகும் என்று தடுக்கிறார்கள். இவர் கேட்கவில்லை. 'செவியும் இழந்தாயோ' என்கிறார்கள். இந்தக் கேள்வியை நான் பேருந்தில் கேட்டிருக்கிறேன். கண் தெரியாது என்றால் காதும் கேட்காது என்று நினைத்து என் காதில் கத்துகிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். அப்புறம் அவர்கள் என்ன செய்கிறார்கள்? தறியையும் கயிற்றையும் பிடுங்குகிறார்கள். அடித்தார்கள் என்றுகூட எழுதியிருக்கலாம். கயிற்றைப் பிடுங்குவதுதான் ஒரு பார்வையற்றவருக்குச் செய்யக்கூடிய பெரிய கொடுமை என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அதற்கு மேல் கதை எனக்குப் பிடிக்காது. அரசன் முன்னிலையில் இவருக்குக் கண் வருகிறது, அவர்களுக்குப் போகிறது. பார்வை பரிசு, பார்வையின்மை தண்டனை. அப்படியானால் நான் எதற்குத் தண்டிக்கப்பட்டவள்? வகுப்பில் இந்தப் பாடம் நடத்தும்போது நான் கயிறு வரைக்கும் விரிவாகச் சொல்வேன், மீதியை வேகமாகத் தாண்டிவிடுவேன். கமலாலயம் என்கிற அந்தக் குளத்தைச் சுற்றி நடக்கும்போதும் எனக்கு அந்தக் கயிறுதான் ஞாபகம். கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்பார்கள். அவ்வளவு பெரிய குளத்தில் தடவிக்கொண்டு ஒருவர் கூடை சுமந்தார் என்பதே எனக்குப் போதும்.

வெண்ணாறு

சமணர்களைக் கெட்டவர்களாகக் காட்ட எழுதிய கதை இது. இதை வைத்து இலக்கியம் பேசுவதே தப்பு. அந்தக் காலத்தில் இங்கே இருந்த சமணப் பள்ளிகள் எல்லாம் எங்கே போயின என்று முதலில்

நிர்வாகி

வெண்ணாறு, சமய வரலாற்றுக்குத் தனி இழை இருக்கிறது, உங்கள் பதிவின் மீதியை அங்கே நகர்த்தியிருக்கிறேன். இங்கே தலைப்புக்குள் நிற்போம்.

தெற்குவாசல்

டீச்சர், உங்கள் ஊர்க் கோயிலிலேயே இதற்கு நேர்மாறாக ஒன்று இருக்கிறதே. சுந்தரர். நான் சைவம் அதிகம் படித்தவள் இல்லை, நீங்களே சொல்லுங்களேன்.

கமலாலயம்

அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது அக்கா.

திருவொற்றியூரில் சங்கிலியாரிடம் கொடுத்த வாக்கை மீறிப் புறப்பட்டதால் சுந்தரருக்கு இரண்டு கண்ணும் போயிற்று. வழியில் திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் கிடைக்கிறது, காஞ்சியில் ஒரு கண் கிடைக்கிறது. திருவாரூருக்கு வந்து நிற்கும்போது ஒரு கண்தான். அப்போது பாடியது 'மீளா அடிமை' பதிகம்.

'குற்றம் ஒன்றும் செய்தது இல்லை, கொத்தை ஆக்கினீர்
எற்றுக்கு அடிகேள் என்கண் கொண்டீர், நீரே பழிப்பட்டீர்
மற்றைக் கண்தான் தாராது ஒழிந்தால் வாழ்ந்து போதீரே'

என்னைக் குருடாக்கினீர், எதற்காக என் கண்ணை எடுத்துக்கொண்டீர், பழி உமக்குத்தான், இன்னொரு கண்ணைத் தராவிட்டால் நீரே நன்றாக வாழ்ந்து போம். 'போம்யா, நல்லா இரும்' என்று நம் ஊர்த் தெருவில் சொல்கிற அதே குரல். கோயில் வாசலில் நின்று, தான் வணங்குகிற சாமியைப் பார்த்து இப்படி.

கதைப்படி பார்த்தால் இதுவும் தண்டனை, இதுவும் குணமாதல். அரசலாறு சொல்கிற கணக்கில் சரியாக உட்காரும். ஆனால் பாடுகிறவர் 'செய்த பாவம் அனுபவிக்கிறேன்' என்று தலைகுனியவில்லை. குற்றம் செய்யவில்லை என்கிறார் (செய்தார் என்பது சங்கிலியாருக்குத் தெரியும், அது வேறு வழக்கு). எங்களைப் பற்றி எழுதியவர்கள் எங்களுக்குப் பொறுமை கொடுத்திருக்கிறார்கள், கருணை கொடுத்திருக்கிறார்கள், வஞ்சம்கூடக் கொடுத்திருக்கிறார்கள். நியாயம் கேட்கிற கோபத்தை இங்கே ஒருவர் தன் வாயாலேயே எடுத்துக்கொண்டார்.

நாகைச் சாலை

கமலாலயம் மேடம் சொன்ன அளவுகோலை வைத்துப் 'பொன்னியின் செல்வ'னைப் பார்த்தால் என்ன? கல்கியும் மயிலாடுதுறைப் பக்கத்துப் புத்தமங்கலத்துக்காரர்தானே.

என் தங்கைக்குக் காது கேட்காது, பேச்சு கிடையாது. எங்கள் வீட்டுக்குள் சைகையில்தான் எல்லாம். அதனால் 'ஊமை ராணி' மந்தாகினியைவிட எனக்குச் செந்தன் அமுதன் வீடு முக்கியம். தஞ்சைக் கோட்டைக்கு வெளியே பூந்தோட்டம். அமுதனின் அம்மா வாணிக்குக் காது கேட்காது, பேசவும் முடியாது. மந்தாகினி அவளுடைய அக்கா. ஒரே குடும்பத்தில் இரண்டு பெண்களுக்கு. இப்படிப் பரம்பரையில் வருவது உண்டு, எங்கள் சொந்தத்திலும் உண்டு. அப்படிப்பட்ட வீடுகளில் வெளியாருக்குப் புரியாத சைகைகள் தாமாக உருவாகிவிடும். காது கேட்கிற பிள்ளைகள் சின்ன வயதிலேயே அதைக் கற்றுக்கொண்டு மொழிபெயர்ப்பாளர் ஆகிவிடுவார்கள். அமுதனும் பூங்குழலியும் அப்படித்தான். அத்தையின் சைகை பூங்குழலிக்குப் புரிகிறது, வந்தியத்தேவனுக்குப் புரியவில்லை. அமுதன் தேவாரம் பாடுகிறவன், அவன் அம்மா அதில் ஒரு பாட்டைக்கூடக் கேட்டதில்லை. கல்கி அதைப் பெரிதுபடுத்திக் கண்ணீர் விடவில்லை, நல்ல வேளை.

மந்தாகினிக்குக் கயிறு எது? சித்திரம். காவிரியில் விழுந்த குழந்தையைக் காப்பாற்றியது தான்தான் என்பதை அருள்மொழிக்கு அவள் ஈழத்தில் சுவரில் எழுதிய சித்திரங்களால் சொல்கிறாள். அந்த இடம் வரும்போதெல்லாம் எங்கள் வீட்டு நாட்காட்டியின் பின்பக்கம் முழுக்கத் தங்கை வரைந்து வைத்தவை ஞாபகம் வரும்.

ஆனால் எரிச்சலும் இருக்கிறது. கதையின் பெரிய ரகசியம் குழந்தை மாறியது. பழையாறையில் செம்பியன் மாதேவிக்குப் பிறந்த குழந்தை இறந்துவிட்டதாக நினைத்து, புதைக்கச் சொல்லி யாரிடம் கொடுக்கிறார்கள்? வாணியிடம். குழந்தை உயிரோடு இருப்பது அவளுக்குத்தான் தெரியும். அவளால் யாரிடமும் சொல்ல முடியாது. இந்த இரண்டு பெண்களுக்கும் பேச்சு இருந்திருந்தால் ஐந்து பாகம் ஓடாது, ரகசியத்துக்குப் பூட்டுப் போட அவர்களுடைய வாய் பயன்பட்டிருக்கிறது. கடைசியில் மந்தாகினி என்ன ஆகிறாள்? சுந்தர சோழர் மேல் எறிந்த வேலைத் தன் மேல் வாங்கிக்கொண்டு சாகிறாள். அரசலாறு சொன்ன இரண்டாவது வழி, அச்சு அசலாக.

பாமணி

இதில் எனக்குச் சம்மதம் இல்லை. கல்கி கதையில் எல்லோருமே பூட்டு சாவிதான். நந்தினி, ரவிதாசன், ஆழ்வார்க்கடியான் என்று ஒருவர் விடாமல் ரகசியத்துக்கு ஏவல் செய்கிறார்கள். 1950இல் ஆரம்பித்து வாராவாரம் தொடராக வந்தது, அப்படி இருந்தால்தான் ஓடும். ஊனம் உள்ள பாத்திரத்துக்கு மட்டும் கதையில் வேலை இருக்கக் கூடாது என்றால் அப்புறம் அவர்களைக் கதையிலேயே சேர்க்க மாட்டார்கள்.

இன்னொன்று. சுந்தர சோழரையும் மறந்துவிடுகிறோம். கால் முடங்கிப் படுக்கையில் கிடக்கிற சக்கரவர்த்தி அவர். அவரை யாரும் 'ஊனமுற்ற பாத்திரம்' என்று சொல்வதில்லை. ராஜா என்றால் நோய், மீனவப் பெண் என்றால் ஊமை. நாவலிலேயே 'ஊமை ராணி' என்று அவளுக்குப் பட்டம். அவரை 'முடவ ராஜா' என்று ஒரு அத்தியாயத்துக்குப் பேர் வைப்பாரா?

நாகைச் சாலை

இரண்டாவது பத்தி நான் யோசிக்காதது. முதல் பத்திக்குப் பதில்: நந்தினிக்கு வேலையும் இருக்கிறது, பேச்சும் இருக்கிறது, மனசு மாறுவதும் இருக்கிறது. வாணிக்கு வேலை மட்டும்தான்.

கொள்ளிடக்கரை

உடம்பையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிற 21 வகைகளில் மனநோயும் இருக்கிறது, தொழுநோயிலிருந்து குணமானவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டுக்கும் கும்பகோணத்துக்காரர்கள் எழுதிய நாவல்கள் உண்டு. அரசலாறு உள்ளூரில் இருந்துகொண்டு சொல்லாமல் விட்டது ஆச்சரியம்.

எம்.வி. வெங்கட்ராமின் 'காதுகள்'. 1993இல் சாகித்ய அகாதெமி பரிசு. மகாலிங்கத்தின் காதுக்குள் குரல்கள். திட்டும், கேலி செய்யும், ஆபாசம் பேசும், ஓயாது. தன் சொந்த அனுபவத்திலிருந்து எழுதியது என்பது தெரிந்ததே. டீச்சர் கேட்ட 'எப்படிச் செய்கிறார்' என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. எதிரே ஒருவர் உட்கார்ந்து பேசுகிறார், உள்ளே குரல்களும் பேசுகின்றன, இவன் எதற்குப் பதில் சொல்வது, எதை முகத்தில் காட்டாமல் இருப்பது? குடும்பம் இருக்கிறது, கடன் இருக்கிறது, பிழைப்பு நடந்தாக வேண்டும். வெளியிலிருந்து பார்த்து எழுதியிருந்தால் 'பைத்தியம்' என்று ஒரு பாத்திரம் தெருவில் சிரித்துக்கொண்டு போயிருக்கும். உள்ளேயிருந்து எழுதியதால் தமிழில் இப்படி ஒன்று கிடைத்தது. மருந்து கொடுத்தார்கள், சரியாகிவிட்டது என்கிற கதையும் இல்லை. முருகனைப் பிடித்துக்கொள்கிறான், குரல்களோடு மல்லுக்கு நிற்கிறான்.

கரிச்சான் குஞ்சுவின் 'பசித்த மானிடம்' (1978) எனக்கு அவ்வளவு நிம்மதி தராத புத்தகம். கணேசனுக்குத் தொழுநோய். அவன் உடம்பின் எல்லாப் பசிகளையும் ஆசிரியர் ஒளிக்காமல் எழுதுகிறார். நோயாளி என்றால் ஆசையே இல்லாத சாது என்று காட்டாததற்கு அவருக்குக் கும்பிடு. ஆனால் அந்த வாழ்க்கை முறைக்குக் கிடைத்த கூலி இந்த நோய் என்று ஒரு வாசகன் படிக்க இடம் இருக்கிறது. கணேசனே கடைசியில் தெளிவு பெற்றவனாகவும், பணம் சேர்த்த இன்னொரு பாத்திரமான கிட்டா வெறுமையில் நிற்பவனாகவும் ஆகும்போது, நோய் ஞானத்துக்கு வழி என்றும் படிக்கலாம். தொழுநோய் கிருமியால் வருவது. கூட்டு மருந்துச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது 1981இல், நாவல் வந்த பிறகு. இன்று படிப்பவருக்கு அந்த விவரத்தையும் பக்கத்தில் வைத்துத்தான் புத்தகத்தைக் கொடுக்க வேண்டும்.

அரசலாறு

'பசித்த மானிடம்' விஷயத்தில் மாறுபடுகிறேன். பாவத்தின் கூலி என்று படிப்பது நம் பழக்கம், ஆசிரியர் தீர்ப்பு சொல்கிற ஆள் இல்லை. அக்கிரகாரத்தையும் மடத்தையும் பணக்காரர்களையும் அவர் விட்டுவைத்தாரா? கணேசன் உடம்பு அழுகுவதற்கு முன்னாலேயே அவனைச் சுற்றி இருக்கிறவர்கள் அவனை எப்படித் தின்றார்கள் என்பதுதான் அதில் விஷயம். ஞானத்துக்கு வழி என்கிற புகார் மட்டும் நிற்கும்.

'காதுக'ளைப் பற்றிச் சொன்னதற்கு மறுபேச்சு இல்லை.

தேரழுந்தூரான்

அரசலாறு தேடுகிற சாதாரண ஆட்கள் இருக்கிறார்கள். இரட்டைப் புலவர்கள்! ஒருவருக்குக் கால் இல்லை, ஒருவருக்குக் கண் இல்லை. கண் தெரியாதவர் தோளில் கால் இல்லாதவர். அவர் வழி சொல்ல, இவர் நடக்க. சோழ நாட்டுக்காரர்கள் என்பது வழிவழியாக வருகிற செய்தி. ஒருவர் பாதி வெண்பா சொன்னால் மற்றவர் மீதியை முடிப்பார். ஆங்கூர்க் கோயிலில் சோறு கிடைக்காமல் பசியோடு நின்றபோது நடந்த சண்டை:

'தேங்குபுகழ் ஆங்கூர்ச் சிவனேஅல் லாளியப்பா
நாங்கள் பசித்திருக்க ஞாயமோ'

என்று முதலாமவர் சாமியிடம் முறையிட, அடுத்தவர் சாமிக்காகப் பதில் சொல்கிறார்:

'போங்காணும்
கூறுசங்கு தோல்முரசு கொட்டோசை அல்லாமல்
சோறுகண்ட மூளியார் சொல்'

இங்கே சங்கும் முரசும் கொட்டுகிற சத்தம்தான் இருக்கிறது, சோற்றைக் கண்டவன் யார் என்று சிவனே அலுத்துக்கொள்கிறாராம். குணமாக வேண்டும் என்று இருவரும் எங்கேயும் வேண்டிக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. கேட்டதெல்லாம் சோறு. கலம்பகமும் உலாவும் பாடி, ஊர் ஊராகப் போய்ப் பிழைத்தார்கள்.

அரசலாறு

ஐயா, இதைத்தான் தேடினேன். கூலி போதாமல் சண்டை போடுகிறவர்கள்!

கமலாலயம்

அந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எல்லோரும் 'ஒருவர் குறையை ஒருவர் நிரப்பினார்கள்' என்று ஒரு பாடமாக்கிவிடுகிறார்கள், எனக்கு அதுதான் பொறுக்காது. தோளில் ஏறியவர் எத்தனை கிலோ இருந்தார், வெயிலில் யார் யாரைத் திட்டினார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஆனால் அந்த வெண்பாவில் இரண்டு பேருக்கும் நடுவில் இருக்கிற கிண்டல் உண்மையானது. எங்கள் விடுதியில் நாங்களும் அப்படித்தான் பேசிக்கொள்வோம், பார்வையுள்ளவர்கள் கேட்டால் அதிர்ச்சி ஆவார்கள்.

சரி, கொள்ளிடக்கரைக்கு ஒரு கேள்வி. 'காதுகள்' எனக்கு எப்படிக் கிடைக்கும்? கம்பராமாயணம், பெரியபுராணம், சிலம்பு எல்லாம் மதுரைத் திட்டம் என்ற இணைய நூல் தொகுப்பில் யூனிகோடில் இருக்கின்றன, திரைவாசிப்பான் படித்துவிடுகிறது. 'பொன்னியின் செல்வ'னும் அப்படியே கிடைத்தது. நாட்டுடைமை ஆகாத இந்த நாவல்கள்தான் எனக்குப் பூட்டிய வீடு. யாராவது உட்கார்ந்து வாசித்துக் காட்டினால் உண்டு.

பாமணி

ஸ்கேன் செய்து ஓசிஆர் போட்டு (படத்தை எழுத்தாக மாற்றி) கொடுக்கலாமே மேடம், தமிழுக்கு இப்போது ஓரளவு நன்றாகவே வருகிறது. காப்புரிமைச் சிக்கல் வராதா?

கொள்ளிடக்கரை

வராது. 2012இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது இதற்கென்றே விலக்கு சேர்த்திருக்கிறார்கள். அச்சில் படிக்க முடியாதவர்களுக்காக, லாப நோக்கம் இல்லாமல், அவர்களுக்கு ஏற்ற வடிவில் மாற்றிக் கொடுக்கலாம், அனுமதி கேட்க வேண்டாம். பார்வையற்றவர்களுக்கு நூல்கள் கிடைக்க வழிசெய்கிற மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் முதலில் ஏற்றுக்கொண்ட நாடும் இந்தியாதான். ஒன்றே ஒன்று, அந்தக் கோப்பு வெளியே சுற்றக் கூடாது. மேடத்துக்கு மட்டும் போக வேண்டும்.

நாகைச் சாலை

ஓசிஆர் போட்டதை யாராவது வரி வரியாகத் திருத்த வேண்டும், இல்லாவிட்டால் மேடம் சொன்ன மாதிரி விநோதமாகக் கேட்கும். 'ண', 'ன' எல்லாம் மாறி வரும். பாதி நான் பார்க்கிறேன்.

பாமணி

மீதியை நான் பார்க்கிறேன். என்னிடம் புத்தகம் இல்லை, கொள்ளிடக்கரை அண்ணன் கொடுத்தால் மன்னார்குடியில் ஸ்கேனர் இருக்கிறது. ஆனால் மேடம், படித்து முடித்ததும் இங்கே வந்து எழுத வேண்டும். நீங்கள் 'காதுக'ளைப் பற்றி கொள்ளிடக்கரை அண்ணன் சொன்னதையே சொல்வீர்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

கமலாலயம்

எழுதுகிறேன். திட்டினாலும் திட்டுவேன்.